பொருளாதாரத் துறைகளை எப்படி ஒப்பிடுவது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முதுநிலை, முனைவர் பட்டப் படிப்புகளுக்கான சேர்க்கைக் காலம் நெருங்கும்போதெல்லாம் நாளிதழ்களின் கல்விப் பக்கங்களில் தரவரிசைப் பட்டியல்கள் இடம்பெறுகின்றன. அரசுக் கலைக் கல்லூரி ஒன்றில் பொருளாதாரம் கற்பித்து ஓய்வுபெற்றவள் நான். பொருளாதாரத் துறைகளை அவற்றின் பேராசிரியர்களுடைய ஆய்வு வலிமையைக் கொண்டு ஒப்பிடுவது சரியான வழி என்றே கருதுகிறேன். ஆயினும், அந்த வலிமையை ஒரே எண்ணாகச் சுருக்கி ஒன்று, இரண்டு, மூன்று என்று அடுக்கும்போது, ஆய்வு செய்யப் போகும் மாணவர் அறிய வேண்டிய செய்தி அதிலிருந்து நழுவிவிடுகிறது.

சில ஆண்டுகளுக்கு முன் என் முன்னாள் மாணவி ஒருத்தி அத்தகைய பட்டியல் ஒன்றை அச்செடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். நிலக் குத்தகை, வேளாண் கூலி ஆகியவை குறித்து முனைவர் பட்ட ஆய்வு செய்வது அவள் விருப்பம். பட்டியலில் முன்னணியில் இருந்த ஒரு துறையைச் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டிருந்தாள். அத்துறையின் இணையப் பக்கத்தைத் திறந்து, பேராசிரியர்களை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு வந்தோம். துறையின் பெயருக்குக் காரணமான மேற்கோள்களில், அதாவது பிற ஆய்வாளர்கள் தம் கட்டுரைகளில் எடுத்துக்காட்டியவற்றில், பெரும்பகுதி மூவருடைய ஆய்வுகளுக்குக் கிடைத்தவை. ஒருவர் ஓய்வுபெற்று இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. இன்னொருவர் நீண்ட விடுப்பில் வெளிநாட்டில் இருந்தார். மூன்றாமவரின் துறை பணவியல் கோட்பாடு. அவரிடம் ஏற்கெனவே ஆறு ஆய்வு மாணவர்கள் இருந்தனர். அவளுக்குக் ‘கைடு’ ஆகக்கூடிய வேளாண் பொருளாதார அறிஞர் ஒருவர்கூட அங்கே இல்லை. பட்டியலில் பொய் ஏதும் இல்லை. அவள் கேட்க வந்த கேள்விக்கு அதில் விடையும் இல்லை.

இந்த எண்கள் எவ்வாறு உருவாகின்றன என்பதை வாசகர்கள் அறிந்துகொள்வது நல்லது. நம் நாட்டின் தேசிய தரவரிசைக் கட்டமைப்பான என்ஐஆர்எஃப் 2016 முதல் பட்டியல் வெளியிட்டு வந்தாலும், அதில் பொருளாதாரத்துக்கெனத் தனிப் பிரிவு இல்லை. ஒரு பல்கலைக்கழகம் மொத்தமாகப் பெறும் இடத்தை அதன் பொருளாதாரத் துறையின் இடமாக எடுத்துக்கொள்வது பெரும் பிழை. பொருளாதாரத்துக்கென்றே 1997 முதல் இயங்கிவரும் ‘ரெபெக்’ தரவுத்தளமோ, தன்னிடம் பதிவுசெய்துகொண்ட ஆய்வாளர்கள் குறிப்பிடும் பணியிடத்தைக் கொண்டு நிறுவனங்களை வரிசைப்படுத்துகிறது. பதிவுசெய்யாதவரின் கட்டுரைகள் அவருடைய துறையின் கணக்கில் சேர்வதில்லை. கூட்டிப் பார்க்கும் முறை என்பதால், அறுபது பேர் கொண்ட துறை பதினைந்து பேர் கொண்ட துறைக்கு மேலே நிற்பதும் இயல்பே. தலைக்கு எவ்வளவு என்று வகுத்துப் பார்த்தால் சிறிய துறைகள் பலவற்றின் உண்மையான தரம் தெரியவரும்.

அமெரிக்காவின் தேசிய ஆராய்ச்சி மன்றம் பெரும் பொருட்செலவில் செய்த மதிப்பீட்டிலும் இச்சிக்கல் தீரவில்லை. 2005–06 கல்வியாண்டில் திரட்டிய தரவுகளைக் கொண்டு அதன் முடிவுகள் 2010-இல்தான் வெளிவந்தன. அதற்குள் பேராசிரியர்கள் பலர் இடம் மாறியிருந்தனர். எனினும் அம்மன்றம் செய்த ஒரு காரியத்தை நான் மிகவும் மதிக்கிறேன். ஒரு துறைக்கு ஒரே இடத்தைக் கொடுக்காமல், இந்த இடத்துக்கும் அந்த இடத்துக்கும் இடையில் என்று ஒரு வீச்சைக் கொடுத்தது. ஏழாம் இடத்துக்கும் பதினோராம் இடத்துக்கும் நடுவே பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லாமல் இருக்கலாம் என்பதை ஒப்புக்கொள்ளும் நேர்மை அதில் இருக்கிறது.

கட்டுரை எந்த ஆய்விதழில் வந்தது என்பதைக் கொண்டு எடை போடுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். பொருளாதாரத்தில் ஐந்து ஆய்விதழ்களுக்கு அளவுகடந்த மதிப்பு இருப்பதையும், அமெரிக்கத் துறைகளில் இளம் ஆசிரியர்களின் பணி நிரந்தரம் அவற்றையே பெரிதும் சார்ந்திருப்பதையும் நோபல் பரிசு பெற்ற ஜேம்ஸ் ஹெக்மன், மோக்தான் என்பவருடன் சேர்ந்து 2020-இல் விரிவாக எடுத்துக்காட்டினார். அந்த அளவுகோலை அப்படியே இங்கே கொண்டுவந்தால் என்ன ஆகும்? சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரப் பேராசிரியராக இருந்த கில்பர்ட் ஸ்லேட்டர், 1916 வாக்கில் தம் மாணவர்களைக் கொண்டு கிராமங்களில் நிலம், கூலி, கடன் பற்றிய விவரங்களைத் திரட்டச் செய்தார். அவற்றுள் ஒன்றான, இன்றைய விழுப்புரம் மாவட்டத்து இருவேல்பட்டு, 1930-களில் மறு ஆய்வுக்கு உட்பட்டது. சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் எஸ். குகனும் அமெரிக்க மானிடவியலாளர் ஜோன் மென்ச்சரும் மீண்டும் அங்கே சென்று 1983-இல் தம் முடிவுகளை வெளியிட்டனர். 2008-இலும் அவ்வூர் ஆராயப்பட்டது. ஒரே ஊரின் நில உறவுகளை ஏறத்தாழ நூறாண்டுகள் பின்தொடர்ந்த இத்தகைய உழைப்புக்கு, அந்த ஐந்து ஆய்விதழ்களை மட்டும் எண்ணும் கணக்கில் ஒரு மதிப்பெண்கூடக் கிடைக்காது. என் மாணவி தேடியதோ இந்த மரபில் வேலை செய்பவர்களைத்தான்.

பேராசிரியர்களின் வலிமை மாணவரிடம் போய்ச் சேர்கிறதா என்பது இன்னொன்று. வட அமெரிக்கத் துறைகளில் முனைவர் பட்டம் பெற்றவர்களின் வெளியீடுகளை ஆராய்ந்து கான்லியும் ஓண்டரும் 2014-இல் எழுதிய கட்டுரையின்படி, நடுத்தரமான ஓர் ஆய்வுப் பல்கலைக்கழகத்தில் பணி நிரந்தரம் பெறுவதற்குத் தக்க ஆய்வுப் பதிவைச் சேர்ப்பவர்கள் ஒவ்வொரு வகுப்பிலும் முதல் 10 முதல் 20 விழுக்காட்டினரே. புகழ்பெற்ற துறையில் இடம் கிடைத்ததாலேயே ஒருவர் ஆய்வாளராகிவிடுவதில்லை.

ஆகவே, தங்கள் நாளிதழ் அடுத்த முறை பொருளாதாரத் துறைகளை ஒப்பிடும்போது, கடந்த ஐந்தாண்டுகளில் வெளிவந்த ஆய்வுகளை மட்டும், இன்று பணியில் இருப்பவர்களின் தலைக்கணக்கில், வேளாண்மை, தொழிலாளர், பணவியல், பன்னாட்டு வணிகம் என்று உட்பிரிவுவாரியாக வெளியிட வேண்டுகிறேன். அண்மையில் பட்டம் பெற்ற ஆய்வு மாணவர்கள் இப்போது எங்கே பணிபுரிகிறார்கள் என்பதையும் துறைகளிடம் கேட்டு அதனருகே அச்சிட்டால், ஊர்ப்புறக் கல்லூரிகளில் படித்து, கேட்டறிய ஆள் இல்லாமல் விண்ணப்பிக்கும் பிள்ளைகளுக்கு அது பெரிதும் பயன்படும்.

இப்படிக்கு,
பொருளாதாரப் பேராசிரியர் (ஓய்வு),
கும்பகோணம்.