மண் வனையும் வகுப்புகள் தமிழிலும் நடக்க வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஒவ்வோர் ஆண்டும் பொங்கலுக்கு முந்திய வாரத்தில் லிட்டில் இந்தியாவுக்குச் சென்று, கடை வாசலில் அடுக்கி வைத்திருக்கும் மண்பானைகளை விரலால் தட்டிப் பார்த்து, கணீரென்று ஒலிக்கும் ஒன்றை வாங்கி வருவது எங்கள் குடும்ப வழக்கம். இத்தனை ஆண்டுகளாகத் தட்டிப் பார்த்தே வாங்கிய நான், ஒரு பானை எப்படி உருவாகிறது என்பதைக் கையால் அறிந்துகொண்டது பணி ஓய்வுக்குப் பிறகு, பத்து வார மண்பாண்ட வகுப்பு ஒன்றில் சேர்ந்தபோதுதான். அந்த வகுப்பு எனக்கு அளித்த மகிழ்ச்சியும், அங்கே நான் கண்ட ஒரு குறையும் சேர்ந்தே இந்தக் கடிதத்தை எழுத வைத்தன. சக்கரத்தில் மண் வனைவதையும், வனைந்ததற்குக் கண்ணாடி போன்ற மெருகு பூசிச் சுடுவதையும் தொடக்கநிலையில் கற்பிக்கும் வகுப்புகள் சிங்கப்பூரில் தமிழிலும் நடத்தப்பட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

முதல் மூன்று வாரங்களும் மண்ணைச் சக்கரத்தின் நடுவில் நிறுத்துவதிலேயே கழிந்தன. பிசைந்து உருட்டிய ஒரு கிலோ களிமண்ணைச் சக்கரத்தின் நடுவில் ஓங்கி அறைந்து ஒட்டவைத்து, முழங்கையைத் தொடையில் ஊன்றி, உள்ளங்கையின் அடிப்பகுதியால் பக்கவாட்டில் அழுத்த வேண்டும். மண் நடுவில் நின்றுவிட்டால் கைக்குள் ஏதோ சுற்றுகிறது என்ற உணர்வே இராது; நிற்காவிட்டால் ஒவ்வொரு சுற்றிலும் கையை ஒரு முறை தட்டிவிட்டுப் போகும். கைவலிமையால் இதைச் சாதிக்க முயன்றவர்கள் எல்லாரும் தோற்றோம். மேசைக்காலைப் போல அசையாமல் கையை வைத்திருந்தால் மண் தானாக வழிக்கு வரும் என்பதை உடல் புரிந்துகொள்ளத்தான் அத்தனை நாள்கள் ஆயின. அதன் பிறகு நடுவில் குழி திறப்பதும், சுவரை இரு கை விரல்களுக்கு இடையே மெல்ல மேலே இழுப்பதும், கம்பியால் அடியை அறுத்து எடுப்பதும் ஒப்பீட்டளவில் விரைவாகக் கைவந்தன. ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும்: குழி திறந்தவுடன் அடித்தளத்தைப் பஞ்சால் நன்றாக அழுத்திவிடாதவர்களின் கிண்ணங்களில், காய்ந்த பின்போ சூளைக்குப் போன பின்போ, பாம்பு நெளிந்ததைப் போன்ற வெடிப்பு ஒன்று அடியில் தோன்றியது.

இங்கேதான் மொழியைப் பற்றிய என் எண்ணம் தொடங்கியது. வனைந்த கிண்ணத்தை அரைகுறையாகக் காயவைத்து, கையில் எடுத்தால் நெளியாமலும் நகத்தால் கீறினால் தடம் பதியும்படியும் இருக்கும்போது கவிழ்த்து வைத்து, அடியைச் சீவி, நிற்பதற்கான வளையத்தைச் செதுக்க வேண்டும். அந்த நிலையை ஆங்கிலத்தில் தோலைப் போன்ற கடினம் என்று பொருள்படும் சொல்லால் குறிப்பார்கள். எங்கள் ஆசிரியரும் அந்தச் சொல்லையே பயன்படுத்தினார். பக்கத்தில் இருந்த ஓர் அக்காவுக்கு அது விளங்கவில்லை. மாடியில் காயும் வடகம் மேலே இறுகி, உள்ளே இன்னும் ஈரம் இருக்கும் பதம் என்று நான் சொன்னதும், “அதைத்தானா தம்பி இத்தனை நேரம் சொன்னார்?” என்று கேட்டுவிட்டு உடனே கத்தியை எடுத்தார். பாகுக்கும் மாவுக்கும் மண்ணுக்கும் நம்மிடம் பதம் என்ற ஒரே சொல் இருக்கிறது. அந்த ஒரு சொல்லுக்குள் ஈரம், இறுக்கம், நேரம் மூன்றும் அடங்கிவிடுவதால், பிசைவதற்கு ஒரு பதம், சீவுவதற்கு ஒரு பதம், சூளைக்கு ஒரு பதம் என்று சொன்னால் போதும், சமையலறையில் வாழ்நாளைக் கழித்தவர்களுக்குப் பாதிப் பாடம் முடிந்துவிடும்.

அந்த அக்காவைப் பற்றி இன்னும் சற்றுச் சொல்ல வேண்டியிருக்கிறது. எழுபதை நெருங்கும் அவர் ஜொகூரில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். நான்காம் வாரத்தில், அவருடைய தாயார் பால் மரம் வெட்டிய காலத்து மங்கு, அதாவது மரத்தில் வடியும் ரப்பர் பாலைப் பிடிக்கும் கிண்ணம், ஒன்றைத் துணியில் சுற்றி எடுத்து வந்தார். உள்ளங்கையில் அடங்கும் அந்த மண்கிண்ணத்தின் உட்புறத்தில் பழுப்பு மெருகு பூசப்பட்டிருந்தது. வெளிப்புறத்தில் வனைந்தவரின் விரல்தடங்கள் வரிவரியாக அப்படியே இருந்தன. இதைப் போல ஒன்று செய்ய வேண்டும் என்பதற்காகவே அவர் வகுப்பில் சேர்ந்திருந்தார். ஜூரோங் வட்டாரத்தில் முன்பு இயங்கிய, டிராகன் சூளைகள் எனப்படும் நீண்ட விறகுச் சூளைகள் பூந்தொட்டிகளோடு இத்தகைய மங்குகளையும் செய்து தோட்டங்களுக்கு அனுப்பியவைதாம். அவற்றுள் இன்று எஞ்சியிருப்பவை லோரோங் தாவாஸில் இருக்கும் இரண்டே. ஒன்று 1940இல் கட்டப்பட்ட தவ் குவாங் சூளை, மற்றொன்று 1958இல் கட்டப்பட்ட குவான் ஹுவாட் சூளை. நீண்டு படுத்திருக்கும் அச்சூளைகளில் விறகை எரிக்கும்போது பறக்கும் சாம்பல் பாண்டங்களின்மேல் படிந்து, உருகி, தானே மெருகாகிவிடும். பால் மரம் வெட்டிய நம் முன்னோர் நாள்தோறும் கையில் எடுத்த பாண்டம் இந்த மண்ணோடு தொடர்புடையது என்பதை அந்தக் கிண்ணத்தைக் கையில் வாங்கிப் பார்த்த அன்றுதான் உணர்ந்தேன்.

அக்கா ஐந்து முறை முயன்று, ஆறாவது முறை தம் தாயாரின் கிண்ணத்தைப் போலவே ஒன்றை வனைந்துவிட்டார். அது காய்ந்து, ஏறத்தாழ 1,000 பாகை செல்சியஸில் முதல் சூடு முடிந்து, ஓடு நிறத்தில் திரும்பி வந்தது. அடுத்த வாரம் மெருகுப்பூச்சு.

கிளேஸ் என்று வகுப்பில் எல்லாரும் அழைக்கும் அந்தப் பூச்சு, மண்ணின்மேல் உருக்கி ஒட்டப்படும் கண்ணாடியே என்று சொல்லலாம். கண்ணாடியாவது மணலில் இருக்கும் சிலிக்கா. அது தனியாக உருகுவதற்கு 1,700 பாகைக்கும் மேல் வெப்பம் வேண்டும், அத்தனை சூட்டை வகுப்பறைச் சூளைகள் எட்டுவதில்லை. அதனால் ஃபெல்ட்ஸ்பார் என்ற பாறைக் கனிமம், சுண்ணாம்பு போன்றவற்றைச் சேர்த்து உருகுநிலையை 1,200 பாகையை ஒட்டிக் கொண்டுவருகிறார்கள். உருகியது வழிந்தோடாமல் பாண்டத்தைப் பற்றிக்கொள்ள அலுமினா வேண்டும் என்பதற்காக வெண்களிமண்ணையும் கலக்கிறார்கள். வாளியில் இருக்கும்போது அதன் நிறத்தை நம்பக் கூடாது. கோபால்ட் கார்பனேட் கலந்த பூச்சு இளஞ்சிவப்பாகத் தெரியும், சூளையிலிருந்து கருநீலமாக வெளிவரும். மோரைவிடச் சற்றுக் கெட்டியாகக் கரைத்து, முதல் சூடு கண்ட கிண்ணத்தை மூன்று நொடி முக்கி எடுத்தால், நுண்துளைகள் நீரை உறிஞ்சிக்கொள்ள, மேலே மாவுப்படலம் ஒன்று நிற்கும். ஐந்து நொடி விட்டால் படலம் தடித்து, சூளையில் வழியும்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமான விதி ஒன்று உண்டு. பாண்டம் சூளைத்தட்டில் எந்த வளையத்தின்மேல் நிற்குமோ அந்த வளையத்திலும், அதற்கு மேலே சில மில்லிமீட்டர் உயரத்திலும் ஒரு துளி மெருகுகூட இருக்கக் கூடாது. முக்குவதற்கு முன்பே அங்கே மெழுகு தடவ வேண்டும், முக்கி எடுத்த பின் ஈரப்பஞ்சால் துடைக்கவும் வேண்டும். எங்கள் ஆசிரியர் இதைச் சொன்னார் என்பது உண்மை. வேகமான ஆங்கிலத்தில், வேறு பத்துக் குறிப்புகளுக்கு நடுவே, ஒரே முறை சொன்னார். அக்காவுக்கு மெழுகு தடவியது நினைவிருந்தது, துடைக்க வேண்டும் என்பது காதில் விழவில்லை. அவருடைய மங்கு தட்டோடு உருகி ஒட்டிக்கொண்டது. உளியால் தட்டிப் பெயர்த்தபோது அடி தனியாகவும் சுவர் தனியாகவும் வந்தன. அவர் எதுவும் சொல்லவில்லை. துண்டுகளை அதே துணியில் சுற்றிக்கொண்டு பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தார். அந்த வாக்கியத்தை நான் ஒரு முறை தமிழில் சொல்லியிருக்கலாம் என்ற வருத்தம் எனக்கு இன்றும் உண்டு.

மண் கைவேலைதானே, பார்த்துச் செய்தால் போதாதா, மொழி எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். பார்த்துக் கற்பது வனைவதற்குப் பெருமளவு பொருந்தும் என்பதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் காய்வதும் சுடுவதும் கண்ணுக்குத் தெரியாமல் நடப்பவை, அவற்றைச் சொல்லித்தான் தர வேண்டும். வெளியே காய்ந்ததாகத் தோன்றும் கிண்ணத்தைக் கன்னத்தில் வைத்துப் பார்த்து, குளிர்ந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது என்று அறிய வேண்டும். அந்த ஈரம் சூளையில் நீராவியாகிப் பாண்டத்தைச் சிதறடிக்கும். நம் ஊரின் ஈரக்காற்றில் காய்வது தாமதமாகும் என்பதால் அவசரப்பட்டு மின்விசிறிக்குக் கீழே வைத்தால், காற்றுப் பட்ட பக்கம் முந்திச் சுருங்கி விளிம்பு வெடிக்கும். பிளாஸ்டிக் உறையைத் தளர்வாகப் போர்த்தி, மெதுவாகக் காயவிட வேண்டும். காய்வதிலும் சுடுவதிலுமாக மண் பத்தில் ஒரு பங்குக்கு மேல் சுருங்கிவிடும் என்பதையும் முதல் நாளே அறிந்தால்தான், நினைத்த அளவுக் குவளை கிடைக்கும். காய்ந்த மண்தூசியை உலர்துடைப்பத்தால் பெருக்கக் கூடாது, ஈரத்துணியால்தான் துடைக்க வேண்டும் என்பது நுரையீரல் தொடர்பான விதி. இதைப் பாதி புரிந்துகொண்டு விடுவது நல்லதன்று.

கலைச்சொற்களை எல்லாம் புதிதாகத் தமிழில் ஆக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. நம் பானைகள் பெரும்பாலும் மெருகு பூசாதவை, நீர் கசிந்து ஆவியாவதால்தான் பானைத் தண்ணீர் குளிர்கிறது. ஆகவே கிளேஸ் என்ற சொல் அப்படியே இருந்தாலும் குறையில்லை. வனைதல், சூளை, பதம், ஓடு என்ற சொற்கள் ஏற்கெனவே நம்மிடம் உள்ளன. விளக்கம் தமிழில் இருந்தால் போதும்.

சமூக மன்றங்களின் இந்தியர் நற்பணிச் செயற்குழுக்களும், ஏப்ரல் மாதத் தமிழ்மொழி விழாவுக்கு நிகழ்ச்சி படைக்கும் அமைப்புகளும் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். இரண்டு மணி நேரம் சக்கரத்தில் அமரவைத்து, நிறத்தை மட்டும் தேர்ந்தெடுக்கச் சொல்லி, பூசுவதையும் சுடுவதையும் பயிற்றுவிப்பாளரே முடித்துத் தரும் ஒருநாள் நிகழ்ச்சிகள் ஏற்கெனவே பல இருக்கின்றன; அவற்றின் தமிழ் வடிவம் எனக்கு வேண்டியதில்லை. எட்டு வாரங்களுக்குக் குறையாத வகுப்பாக, எட்டுப் பேருக்கு மிகாத குழுவாக, மெழுகு தடவி, முக்கி, துடைத்து, சூளைத்தட்டில் வைப்பது வரை மாணவரே செய்யும் ஏற்பாடாக அது அமைய வேண்டும். தமிழ் பேசும் மண்பாண்டப் பயிற்றுவிப்பாளர் கிடைக்காவிட்டால், ஏற்கெனவே கற்ற ஒருவர் அருகில் இருந்து மொழிபெயர்த்தாலே போதுமானது. அதற்கு நான் ஊதியமின்றி வரத் தயாராக இருக்கிறேன். அக்காவும் மீண்டும் வரச் சம்மதித்திருக்கிறார்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
ஈசூன்