முகவரி மாறினால் வீட்டுக்கும் சொல்லுங்கள்: ரவுட்டர் மென்பொருள் எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

எங்கள் வீட்டில் ரவுட்டர் கீழே ஹாலில் இருக்கிறது. மாடியில் நெட்வொர்க் கேபிள்களை இணைக்கும் ஒரு ஸ்விட்ச், வைஃபை தரும் ஒரு ஆக்சஸ் பாயின்ட். மாடி முழுக்க இன்வெர்ட்டரில் ஓடும். ரவுட்டர் செருகியிருக்கும் ப்ளக் மட்டும் அந்த லைனில் இல்லை. மாடியில் என் அக்கா தினமும் சாயங்காலம் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆன்லைனில் கணக்கு எடுக்கிறார். ஒரு நிமிடம் கரண்ட் போய் வந்தால் போதும். ரவுட்டர் எழுந்துவிடும், விளக்கெல்லாம் பச்சையாக எரியும், வகுப்பு மட்டும் திரும்ப வராது. சில தளங்கள் திறக்கும், சில சுற்றிக்கொண்டே இருக்கும். லேப்டாப்பை அணைத்துப் போட்டால் சரியாகிவிடும். பல மாதம் இதுதான் வைத்தியம்.

ஒருநாள் அணைக்கவிடாமல், அந்த லேப்டாப்பின் ஐபிவி6 முகவரிகளை (இணையத்தின் புதுவகை முகவரிகள்) எடுத்துப் பார்த்தேன். இரண்டு ப்ரீஃபிக்ஸில், அதாவது இரண்டு வேறு முன்பகுதிகளோடு, முகவரிகள் இருந்தன. கரண்ட் போவதற்கு முன் இணைய நிறுவனம் கொடுத்தது ஒன்று, வந்த பிறகு கொடுத்தது இன்னொன்று. பழையதன் பக்கத்தில், இன்னும் ஆறு லட்சத்துச் சொச்சம் விநாடிக்கு அதையே புழங்கலாம் என்று போட்டிருந்தது. ஏறக்குறைய ஏழு நாள்!

நடந்தது இதுதான். ஐபிவி6 முகவரியின் 128 பிட்டில் முன்பாதியான ப்ரீஃபிக்ஸ் தெருப்பெயர் மாதிரி, பின்பாதி வீட்டு எண் மாதிரி. தெருப்பெயரை நிறுவனம் தருகிறது, ரவுட்டர் அதை வீட்டுக்குள் அறிவிக்கிறது. கரண்ட் போய் வந்ததும் நிறுவனம் புதுப் பெயர் கொடுத்தது. ரவுட்டருக்குப் பழையது மறந்தேபோனது. மாடியில் வைஃபை ஒரு நொடிகூட அறுபடாததால் லேப்டாப்புக்கு எதுவும் தெரியாது. அது பழைய முகவரியைப் போட்டே பாக்கெட்டை அனுப்புகிறது. ஒன்று வழியிலேயே தடுக்கப்படும், இல்லையென்றால் பதில் வேறெங்கோ போகும். பழைய வகையான ஐபிவி4-ல் இந்த வம்பு இல்லை. வெளி முகவரி எத்தனை முறை மாறினாலும் உள்ளே 192.168 என்று தொடங்கும் முகவரி அப்படியே இருக்கும்.

இது உங்களுக்குப் புதிய சேதி இல்லை. 2013-ல் வந்த ஆர்எஃப்சி 7084 (ஆர்எஃப்சி என்பது இணைய வழிமுறைகளைச் சொல்லும் ஆவணம்), ப்ரீஃபிக்ஸ் மாறினால் பழையதை ஆயுள் பூஜ்யம் என்று உடனே அறிவிக்கச் சொல்கிறது. 2021-ல் வந்த ஆர்எஃப்சி 9096 இன்னும் தெளிவு: கொடுத்த ப்ரீஃபிக்ஸை அழியாத நினைவகத்தில் எழுதி வை, திரும்ப எழுந்ததும் ஒப்பிட்டுப் பார், மாறியிருந்தால் பழையதைச் செல்லாது என்று சொல். முகவரியைத் தாராளமாகப் புழங்க ஏழு நாள், அது அடியோடு செல்லாமல் போக முப்பது நாள் என்ற பழைய ஆயுட்கணக்கை விட்டு, முறையே 45 நிமிடம், 90 நிமிடம் என்று குறைக்கவும் அதுவே சொல்கிறது. அப்புறம், ரீஸ்டார்ட் ஆகும்போது ரவுட்டர் தானாகவே ப்ரீஃபிக்ஸை நிறுவனத்திடம் திருப்பிக் கொடுத்துவிடக் கூடாது என்றும் சொல்கிறது. நீங்களே திருப்பிக் கொடுத்தால், அதே ப்ரீஃபிக்ஸ் மறுபடி கிடைக்கும் வாய்ப்பையும் சேர்த்தல்லவா கொடுத்துவிடுகிறீர்கள்?

அடிக்கடி எழுதினால் ஃபிளாஷ் (அந்த அழியாத நினைவகம்) தேய்ந்துபோகும் என்பீர்கள். நியாயமான கவலைதான். ஆனால் ஒவ்வொரு புதுப்பித்தலுக்கும் எழுத வேண்டியதில்லையே. ப்ரீஃபிக்ஸ் மாறும்போது மட்டும் எழுதினால் போதும். எங்கள் வீட்டுக் கணக்கில் அது கரண்ட் போய்வரும் நாட்களில் ஒரு சின்ன வரி. அந்த ஒரு வரி இல்லாமல்தான் பிள்ளைகள் பாதி வகுப்பில் காத்துக் கிடந்தார்கள்.

முகவரி மாறிக்கொண்டே இருக்கும் என்பதை மெனுக்களிலும் ஏற்றுக்கொள்ளுங்கள். எதை உள்ளே விடுவது என்று சொல்லும் ஃபயர்வால் விதியில் முழு முகவரியைத்தான் எழுத வேண்டும் என்றால், அடுத்த ப்ரீஃபிக்ஸ் வந்ததும் அந்த விதி செல்லாக்காசு. ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற திறந்தமூல ரவுட்டர் மென்பொருளில் பின்பாதியை மட்டும் கொடுத்து விதி எழுத முடிகிறது. வீட்டுக்குள் மட்டும் செல்லும், எஃப்டி என்று தொடங்கும் நிலையான முகவரிகளையும் அது தானாகவே உருவாக்கிக் கொடுக்கிறது. பிரிண்டருக்கு அது போதும். உங்கள் பெட்டிகளிலும் இது வேண்டும்.

உங்கள் சோதனை மேசையில் லேப்டாப்பை நேராக ரவுட்டரில் செருகிப் பார்த்தால் இந்தக் கோளாறு பெரும்பாலும் கண்ணில் படாது. ரவுட்டர் அணைந்ததும் லேப்டாப்பின் இணைப்பும் அறுந்துவிடும், அது புதிதாகத் தொடங்கும். அதனால் நடுவில் ஒரு ஸ்விட்ச் வையுங்கள். ஸ்விட்சுக்குக் கரண்ட் போகாமல் பார்த்துக்கொண்டு, ரவுட்டரின் ப்ளக்கை மட்டும் பிடுங்குங்கள். இணைய நிறுவனத்தின் பக்கத்திலிருந்து வேறு ப்ரீஃபிக்ஸைத் தரச்செய்து, மறுபடி செருகுங்கள். இரண்டு நிமிடம் கழித்து, லேப்டாப் எந்த முகவரியிலிருந்து பேசுகிறது என்று பாருங்கள்.

அன்புடன்,
ஒரு வாடிக்கையாளர்