ஒரே ரன்னில் முடிந்த ஆட்டம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்க பேஸ்பாலில் நேஷனல் லீக், அமெரிக்கன் லீக் என்ற இரண்டு பிரிவுகளின் சிறந்த வீரர்கள் மோதும் ஆல் ஸ்டார் ஆட்டங்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். தமிழில் பேஸ்பாலுக்கு இரண்டு பக்கம் ஒதுக்கியதற்கே முதலில் நன்றி சொல்ல வேண்டும். ஆனால் 1968ஆம் ஆண்டு ஹூஸ்டனில் நடந்த ஆட்டத்தை, ரன்னே வராத சப்பென்ற ஆட்டம் என்று ஒரே வரியில் தள்ளிவிட்டுப் போனது மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. நான் இருபது ஆண்டுகளாக ஹூஸ்டனில் இருக்கிறேன். அந்த ஆட்டம் நடந்த ஆஸ்ட்ரோடோம் என்ற கூரை போட்ட மைதானத்தை 610 சாலையில் வேலைக்குப் போகும்போதெல்லாம் பார்க்கிறேன். பூட்டித்தான் கிடக்கிறது. நாங்கள் ஊருக்கு வரும் முன்பே ஆஸ்ட்ரோஸ் அணி டவுன்டவுனில் புது மைதானத்துக்குப் போய்விட்டது. ஆனாலும் அந்தக் கூரையைப் பார்க்கும்போது எனக்கு முதலில் நினைவுக்கு வருவது 1968 ஜூலை 9 இரவுதான்.

அன்று நேஷனல் லீக் 1-0 என்று ஜெயித்தது. ஆல் ஸ்டார் வரலாற்றில் 1-0 என்று முடிந்த முதல் ஆட்டம் அது. கூரைக்கு அடியில் நடந்த முதல் ஆல் ஸ்டார் ஆட்டமும் அதுவே. இரண்டு அணிக்கும் சேர்த்து மொத்தம் எட்டே ஹிட், அதாவது பேட்டர் அடித்து ஓடி, பேஸ் எனப்படும் நான்கு முனைகளில் ஒன்றைப் பிடித்தது எட்டே முறை. அமெரிக்கன் லீகின் முதல் பேட்டர் ஜிம் ஃப்ரெகோசி வந்தவுடன் ஒரு டபுள், அதாவது இரண்டாம் பேஸ் வரை ஓடும் அடி, அடித்தார். அதற்குப் பிறகு வந்த 20 பேர் வரிசையாக அவுட். ஏழாவது இன்னிங்ஸில் இரண்டு பேர் அவுட்டான பின்புதான் டோனி ஒலிவா அடித்த டபுளில் அடுத்த ஆள் பேஸில் ஏறினார். சாதாரண பேட்டர்களா அவர்கள்? கார்ல் யாஸ்ட்ரெம்ஸ்கி, ஹார்மன் கில்லப்ரூ, ஃப்ராங்க் ஹோவர்ட், ராட் கரூ என்று வரிசை போகிறது.

அவர்களுக்கு எதிரே பந்தெறியும் பிட்ச்சர்களாக மேட்டில் ஏறியவர்கள் யார் என்பதைத்தான் கட்டுரை சொல்லாமல் விட்டுவிட்டது. டான் ட்ரைஸ்டேல் மூன்று இன்னிங்ஸ், ஹுவான் மரிஷால் இரண்டு, ஸ்டீவ் கார்ல்டன் ஒன்று, டாம் சீவர் இரண்டு. முதல் எட்டு இன்னிங்ஸை எறிந்த இந்த நான்கு பேருமே பிற்பாடு பேஸ்பாலின் மாபெரும் வீரர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமுக்குப் போனவர்கள். ட்ரைஸ்டேல் அதற்கு ஒரு மாதம் முன்புதான், தொடர்ந்து 58 இன்னிங்ஸும் மேலே இரண்டு அவுட்டும் ஒரு ரன்கூடக் கொடுக்காமல் எறிந்து சாதனை செய்திருந்தார். சீவருக்கு அப்போது 23 வயது. அவர் எடுத்த ஆறு அவுட்டில் ஐந்து ஸ்ட்ரைக் அவுட், அதாவது பேட்டர் பந்தை அடிக்க முடியாமலே வெளியேறியது. அதில் ஒருவர் மிக்கி மான்டில். மான்டில் விளையாடிய கடைசி ஆண்டு அது. ஓய்வுக்கு நெருங்கிவிட்ட ஒரு மாபெரும் பேட்டரும் இனி வரப்போகும் ஒரு மாபெரும் பிட்ச்சரும் எதிரெதிரே நின்ற அந்த ஒரு நிமிடத்துக்காகவே அந்த ஆட்டத்தை உட்கார்ந்து பார்க்கலாம். கடைசி அவுட்டும் ஸ்ட்ரைக் அவுட்தான். ஜெர்ரி கூஸ்மன் யாஸ்ட்ரெம்ஸ்கியை வீழ்த்தி ஆட்டத்தை முடித்தார்.

அந்த ஒரே ரன் எப்படி வந்தது என்பதையும் சொல்கிறேன். காயம்பட்ட பீட் ரோஸுக்குப் பதிலாகத் தொடக்க வரிசையில் இறங்கியவர் வில்லி மேஸ். அப்போது அவருக்கு வயது 37. முதல் இன்னிங்ஸில் ஒரு சிங்கிள் அடித்து முதல் பேஸுக்குப் போனார். அவரை முதல் பேஸிலேயே மடக்கப் பார்த்து அமெரிக்கன் லீக் பிட்ச்சர் லூயிஸ் டியான்ட் எறிந்த பந்து நழுவிப் போக, மேஸ் இரண்டாம் பேஸுக்கு ஓடினார். அடுத்து கர்ட் ஃப்ளட்டுக்கு எறிந்ததில் ஒரு பந்து கேச்சரைத் தாண்டிப் போக, மூன்றாம் பேஸ். பிறகு வில்லி மெக்கவி தரையோடு அடித்த பந்தில் இரண்டு பேர் அவுட். அந்த இடைவெளியில் மேஸ் ஹோமுக்கு, அதாவது பேட்டர் நிற்கும் கடைசி முனைக்கு, வந்துவிட்டார். யாருடைய மட்டையும் அந்த ரன்னைச் சம்பாதித்துக் கொடுக்கவில்லை. 37 வயதுக் கால்கள் சம்பாதித்த ரன் அது. ஆட்டத்தின் சிறந்த வீரர் விருதும் அவருக்கே போனது. இதை எப்படி அலுப்பான ஆட்டம் என்பது?

எனக்கு இதெல்லாம் எடுத்தவுடன் புரிந்துவிடவில்லை. கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவள் நான். ஒருவர் எறிகிறார், இன்னொருவர் வீசித் தவறவிடுகிறார், இதில் என்ன இருக்கிறது என்றுதான் முதல் இரண்டு மூன்று வருஷம் நினைத்தேன். மகன் சிறுவர் லீகில் சேர்ந்தபோது, பெற்றோர் யாராவது ஸ்கோர் எழுத வேண்டும் என்றார்கள். பென்சிலும் அட்டையும் என் கைக்கு வந்தன. வீசி ஸ்ட்ரைக் அவுட் ஆனால் கே என்ற ஆங்கில எழுத்தை எழுத வேண்டும். வீசாமல் பந்தைப் பார்த்துக்கொண்டே நின்று அவுட் ஆனால் அதே எழுத்தை இடம் வலமாகத் திருப்பி எழுத வேண்டும். அப்படி ஒவ்வொரு பந்தாகக் குறித்துக்கொண்டே வந்தபோதுதான் அந்தச் சண்டை கண்ணில் படத் தொடங்கியது. உள்பக்கம் ஒன்று போட்டுப் பேட்டரைப் பின்னுக்குத் தள்ளுவது, அடுத்ததை வெளிப்பக்கம் நழுவ விடுவது, வேகமாக வரும் என்று அவர் காத்திருக்கும்போது மெதுவாக விடுவது. ரன் வராத இன்னிங்ஸில் என் அட்டை காலியாக இருந்ததே இல்லை.

ஆல் ஸ்டாரில் பிட்ச்சர்கள் கை ஓங்குவதற்குக் காரணமும் இருக்கிறது. சாதாரண நாளில் ஒரு பிட்ச்சர் ஒரே பேட்டரை மூன்று நான்கு முறை சந்திக்க வேண்டும். அதற்காகத் தோளின் பலத்தைச் சேமித்துச் சேமித்து எறிவார். பேட்டரும் இரண்டாவது, மூன்றாவது முறை வரும்போது அவர் கையைப் படித்துவிடுவார். ஆல் ஸ்டாரில் பிட்ச்சருக்கு இரண்டு மூன்று இன்னிங்ஸ்தான், இப்போதெல்லாம் பெரும்பாலும் ஒன்றேதான். மிச்சம் வைக்காமல் முழு வேகத்தில் எறியலாம். அதோடு 1968இல் இரண்டு லீகும் சீசனில் ஒன்றுக்கொன்று மோதியதே கிடையாது. அது 1997இல்தான் தொடங்கியது. ஆக, பேட்டருக்கு எதிரே நிற்கும் பிட்ச்சர் பெரும்பாலும் புது ஆள். அவர் நிற்கும் இடத்திலிருந்து ஹோமுக்கு அறுபதரை அடி. பந்து வந்து சேர அரை நொடிகூட ஆகாது.

அதற்கு முந்தைய ஆண்டு, 1967இல், கலிஃபோர்னியாவின் அனஹைமில் நடந்த ஆட்டம் 15 இன்னிங்ஸ் வரை நீண்டு 2-1 என்று முடிந்தது. மூன்று ரன்னும் தனித்தனி ஹோம் ரன், வேலிக்கு வெளியே பறந்த அடிகள். ஸ்ட்ரைக் அவுட் மட்டும் 30. உங்கள் கட்டுரை அதில் டோனி பெரெஸின் ஹோம் ரன்னை மட்டும் பாராட்டியது. சரி, பாராட்ட வேண்டியதுதான். ஆனால் மூன்றே இன்னிங்ஸில் ஆறு பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்த ஃபெர்கி ஜென்கின்ஸுக்கு அதில் ஒரு வரிகூட இல்லை.

1968 சீசன் முழுவதையும் நான் நியாயப்படுத்த வரவில்லை. அந்த வருஷம் பாப் கிப்சன் ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக 1.12 ரன்தான் கொடுத்தார். டென்னி மெக்லெய்ன் 31 ஆட்டம் ஜெயித்தார். அமெரிக்கன் லீகில் பேட்டிங் பட்டம் வென்ற யாஸ்ட்ரெம்ஸ்கியின் சராசரியே வெறும் 0.301, அதாவது பத்து வாய்ப்பில் மூன்று ஹிட்தான். அதனால்தான் அடுத்த ஆண்டு பிட்ச்சர் நிற்கும் மேட்டை 15 அங்குலத்திலிருந்து 10 அங்குலமாகக் குறைத்தார்கள், ஸ்ட்ரைக் என்று கணக்காகும் பந்து வர வேண்டிய எல்லையையும் சுருக்கினார்கள். ஆறு மாதம் தினமும் அப்படியே நடந்தால் ஆட்டம் ஒருபக்கம் சாய்ந்துவிடும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வருஷத்துக்கு ஒரு முறை வரும் ஆட்டத்தை அந்தத் தராசில் வைக்கலாமா? அந்த ஆண்டின் பிட்ச்சர்கள் எப்படிப்பட்டவர்கள் என்பதை ஒரே இரவில், ஒரே மேட்டில் காட்டிய ஆட்டம் அது.

இன்னொன்று. 1934இல் நியூயார்க்கின் போலோ கிரவுண்ட்ஸில் நடந்த ஆல் ஸ்டாரில் அமெரிக்கன் லீக் 9-7 என்று ஜெயித்தது. மொத்தம் 16 ரன். அந்த ரன்களை யார் அடித்தார்கள் என்று இங்கே எந்த ரசிகரைக் கேட்டாலும் யோசிப்பார். ஆனால் தோற்ற அணியின் கார்ல் ஹப்பல், முதல் இரண்டு பேரைப் பேஸில் ஏறவிட்ட பிறகு, பேப் ரூத், லூ கேரிக், ஜிம்மி ஃபாக்ஸ், அல் சிம்மன்ஸ், ஜோ குரோனின் என்று ஐந்து பேரை வரிசையாக ஸ்ட்ரைக் அவுட் செய்ததை மூச்சுவிடாமல் ஒப்பிப்பார்கள். ஐம்பது ஆண்டு கழித்து, 1984இல், சான் ஃப்ரான்சிஸ்கோவில் ஃபெர்னாண்டோ வலென்சுவேலாவும் 19 வயது டுவைட் குடனும் சேர்ந்து அடுத்தடுத்து ஆறு பேரை வீழ்த்தியபோதும் எல்லார் வாயிலும் வந்தது ஹப்பலின் பெயர்தான். 1999இல் பாஸ்டனில் பெட்ரோ மார்ட்டினெஸ் லார்கின், வாக்கர், சோசா, மெக்வயர் என்று முதல் நான்கு பேரையும் வரிசையாக அனுப்பியதும் இந்தக் கதையில் சேரும்.

அதனால் ஒரு வேண்டுகோள். அடுத்த ஜூலையில் ஆல் ஸ்டார் செய்தி போடும்போது, ஹோம் ரன் பட்டியலுக்குப் பக்கத்தில் யார் யார் எறிந்தார்கள், எத்தனை இன்னிங்ஸ், எத்தனை ஸ்ட்ரைக் அவுட் என்பதையும் சின்னப் பெட்டியாகப் போடுங்கள். இடம் இல்லை என்றால் படத்தைக் கொஞ்சம் சிறிதாக்கினாலும் பரவாயில்லை. என்னைப் போல் அட்டையும் பென்சிலுமாக உட்காரும் வாசகர்கள் அதைத்தான் முதலில் தேடுவோம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஹூஸ்டன், டெக்சாஸ்