புதியவர்களுக்கான ஏர் ரைபிள் தொகுப்பில் பொருந்தாத பொருள்கள்: மாற்றித் தரவும் பணத்தைத் திருப்பித் தரவும் கோரி ஒரு புகார்

அனுப்புநர்
தங்கள் வாடிக்கையாளர்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.

பெறுநர்
குறைதீர் அலுவலர் அவர்கள்,
இணையவழி விளையாட்டுக் கருவி விற்பனை நிறுவனம்.

பொருள்: 10 மீட்டர் ஏர் ரைபிள் தொடக்கநிலைத் தொகுப்பில் உள்ள குறைகள் தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் என் மகள் பள்ளியின் என்.சி.சி. படையில் இருக்கிறாள். முகாமில் .22 ரைபிளால் சுட்டுப் பழகியதிலிருந்து 10 மீட்டர் ஏர் ரைபிள் போட்டிகளில் கலந்துகொள்ள வேண்டும் என்பது அவளுடைய விருப்பம். எங்கள் வீட்டில் இந்தக் கருவிகளைப் பற்றி அறிந்தவர் எவரும் இல்லை என்பதாலேயே, துப்பாக்கி, பெல்லட் (அதில் போடும் சிறு ஈயக் குண்டு), குறிபார்க்கும் கருவி ஆகியவற்றைத் தனித்தனியாக வாங்காமல், 'போட்டிக்குத் தயாராகும் புதியவர்களுக்கான முழுத் தொகுப்பு' என்று தங்கள் இணையதளத்தில் விளம்பரப்படுத்தப்பட்டிருந்ததை 14,850 ரூபாய்க்கு வாங்கினேன். எது எதற்குப் பொருந்தும் என்று பார்த்துத் தேர்ந்தெடுக்கும் வேலையைத் தங்களிடம் ஒப்படைத்து, அதற்கும் சேர்த்துத்தான் அந்தப் பணத்தைக் கொடுத்தேன் என்பதைக் கருத்தில் கொண்டு இப்புகாரைப் படிக்க வேண்டுகிறேன்.

முதலில் பெல்லட். துப்பாக்கியின் குழல் விட்டம் .177 அங்குலம், அதாவது 4.5 மி.மீ. ஆனால், உடன் வந்த டப்பாவில் இருந்தவை .22, அதாவது 5.5 மி.மீ. பெல்லட்டுகள். குழலை மடக்கி, அதன் பின்வாயில் பெல்லட்டை வைத்து அழுத்தினால் தலைப்பகுதியே உள்ளே நுழையாமல் விளிம்பில் உட்கார்ந்துகொள்கிறது. தங்கள் வாடிக்கையாளர் சேவைப் பிரிவை அழைத்துச் சொன்னபோது, 'என்.சி.சி.யிலும் .22 தானே பயன்படுத்துகிறார்கள், அதே அளவுதான்' என்ற பதில் கிடைத்தது. என்.சி.சி. ரைபிளில் போடுவது வெடிமருந்து அடைத்த தோட்டா. இதுவோ காற்றழுத்தத்தால் தள்ளப்படும் வெறும் ஈயத் துண்டு. இரண்டுக்கும் எண் ஒன்றாக இருப்பதைத் தவிர வேறு தொடர்பு கிடையாது. அதைவிட வியப்பளித்தது அடுத்து வந்த யோசனை: துப்பாக்கியைத் திருப்பி அனுப்பினால் 5.5 மி.மீ. குழல் உள்ளதை மாற்றித் தருவார்களாம். செருப்புக்கு ஏற்றபடி காலை வெட்டச் சொல்வது போன்ற இந்த யோசனையைச் சொன்னவருக்கு, 10 மீட்டர் போட்டியில் 4.5 மி.மீ. மட்டுமே அனுமதிக்கப்படுகிறது என்பதும், 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி குழல் விட்டம் 4.5 மி.மீ.க்கும் குண்டு வெளியேறும் ஆற்றல் 20 ஜூலுக்கும் மிகாத ஏர் கன்களுக்கே உரிம விலக்கு உண்டு என்பதும் தெரிந்திருக்க வேண்டாமா? அவர் பேச்சைக் கேட்டிருந்தால், ஒரு பள்ளி மாணவியின் வீட்டில் உரிமம் இல்லாத ஆயுதம் இருந்திருக்கும்.

மீண்டும் மீண்டும் வற்புறுத்திய பிறகு 4.5 மி.மீ. டப்பா ஒன்றை அனுப்பினீர்கள். அதில் இருந்தவை உருண்டைத் தலை கொண்டவை. காகித இலக்கில் சுடுவதற்குத் தட்டைத் தலை பெல்லட்தான் வேண்டும், ஏனெனில் அதுதான் காகிதத்தைப் பஞ்சிங் இயந்திரம் குத்தியதுபோல் வட்டமாக வெட்டும். உருண்டைத் தலை காகிதத்தைக் கிழித்துக்கொண்டு போகும். பத்துப் புள்ளிக்கான நடுப்பொட்டின் விட்டம் 0.5 மி.மீ. மட்டுமே. துளையின் விளிம்பு எந்த வட்டத்தைத் தொடுகிறது என்பதைப் பார்த்தே புள்ளி வழங்கப்படும் ஒரு விளையாட்டில், கிழிந்த துளையை வைத்து ஒன்பதா பத்தா என்று எப்படிச் சொல்வது? எடையிலும் ஒழுங்கு இல்லை. தெரிந்த நகைக்கடை ஒன்றின் தராசில் ஒரு பிடி பெல்லட்டுகளை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்ததில், 0.47 கிராம் முதல் 0.58 கிராம் வரை வேறுபட்டன. போட்டிக்குரிய பெல்லட்டுகள் ஏறக்குறைய 0.53 கிராம் அளவில் இருப்பவை. ஒரே டப்பாவுக்குள் இவ்வளவு ஏற்றத்தாழ்வு இருக்குமானால், மகளின் கை ஆடியதா, பெல்லட் விலகியதா என்று பயிற்சியாளராலும் கண்டுபிடிக்க முடியாது. டப்பாவின்மேல் எடையோ, எண்ணிக்கையோ, இறக்குமதியாளர் பெயரோ அச்சிடப்படவில்லை என்பதையும் குறிப்பிட வேண்டும்.

இரண்டாவது குறை, ஸ்கோப் எனப்படும் குறிபார்க்கும் தொலைநோக்கி. தங்கள் விளம்பரப் படத்தில் இருக்கும் வீராங்கனை துளைக்குறி (கண்ணருகே உள்ள சிறு துளை வழியாகப் பார்க்கும் கருவி) வழியாகக் குறிபார்க்கிறார். பெட்டியில் வந்ததோ 3 முதல் 9 மடங்கு பெரிதாக்கிக் காட்டும் ஸ்கோப். 10 மீட்டர் ஏர் ரைபிள் போட்டியில் ஸ்கோப்புக்கு இடமே இல்லை. நம் நாட்டில் தொடக்கநிலையினர் சாதாரணத் திறந்த குறியுடனோ துளைக்குறியுடனோதான் போட்டியிடுகின்றனர். போட்டியை விடுங்கள், பயிற்சிக்காவது உதவுமா என்றால் அதுவும் இல்லை. நெடுந்தொலைவுக்கு அமைக்கப்பட்ட அந்தக் கண்ணாடியில் 10 மீட்டரில் உள்ள கறுப்பு வட்டம் மை கசிந்ததுபோல் மங்கித் தெரிகிறது. போதாக்குறைக்கு, ஸ்பிரிங் வகைத் துப்பாக்கி சுடும்போது முன்னும் பின்னுமாக இருமுறை உதைப்பதால், அதைத் தாங்கும்படி செய்யப்படாத ஸ்கோப்பின் உள்பாகங்கள் தளர்ந்துவிடும். தாங்கள் அனுப்பியதில், குறிபார்க்க உள்ளே தெரியும் குறுக்குக்கோடு ஏற்கெனவே சாய்ந்துவிட்டது.

இவற்றையெல்லாம் பணநட்டம் என்று விட்டுவிடலாம். பாதுகாப்பு தொடர்பானதை அவ்வாறு விட முடியாது. விளம்பரத்தில் இருந்த பாதுகாப்புக் கண்ணாடியும் பெல்லட்டைப் பிடிக்கும் இரும்புப் பெட்டியும் வரவில்லை. கையேடு என்ற பெயரில் இருந்த ஒற்றைத் தாளில் வேறு மாடலின் படம் அச்சிடப்பட்டுள்ளது. குழலை மடக்கிப் பெல்லட் போடும்போது மறுகையால் குழலை இறுகப் பிடித்திருக்க வேண்டும், இல்லையெனில் அது திடீரென மேலெழுந்து விரல்களை நசுக்கிவிடும் என்பதோ, பெல்லட் இல்லாமல் சுட்டால் உள்ளே காற்றை அழுத்தும் பிஸ்டனும் அதன் சீலும் சேதமாகும் என்பதோ, ஈயத்தைத் தொட்ட கையைக் கழுவாமல் உண்ணக்கூடாது என்பதோ அதில் ஒரு வரிகூட இல்லை. இவற்றை என் மகள் பயிற்சியாளரிடம் கேட்டு அறிந்துகொண்டாள். பயிற்சியாளர் இல்லாத பிள்ளைகளின் கதி என்ன? எண்ணெய் பூசாமல் பாலித்தீன் உறையில் அனுப்பியதால், இரண்டு பருவமழையும் பெய்யும் எங்கள் ஊரின் ஈரக்காற்றில் குழலில் துரு படிந்ததைத் தனியாக விவரிக்கவில்லை, புகைப்படத்தை இணைத்துள்ளேன்.

'பெட்டி திறக்கப்பட்டுவிட்டது, தேர்வு வாடிக்கையாளருடையது, எனவே பணம் திருப்பித் தர இயலாது' என்று தங்கள் பிரிவு மின்னஞ்சலில் எழுதியுள்ளது. பெட்டியைத் திறக்காமல் உள்ளே 5.5 மி.மீ. பெல்லட் இருப்பதை அறியும் வழியையும் அதில் எழுதியிருக்கலாம்.

ஆகவே, ஸ்கோப்பைத் திரும்பப் பெற்றுக்கொண்டு இந்தத் துப்பாக்கியில் பொருந்தும் துளைக்குறியை அனுப்புமாறும், எடையும் தயாரிப்பாளர் விவரமும் அச்சிடப்பட்ட 4.5 மி.மீ. தட்டைத் தலை பெல்லட்டுகளையும் விடுபட்ட பாதுகாப்புப் பொருள்களையும் சரியான கையேட்டையும் தருமாறும் கோருகிறேன். இது இயலாதெனில், தங்கள் செலவில் தொகுப்பு முழுவதையும் எடுத்துக்கொண்டு முழுத்தொகையையும் திருப்பித் தர வேண்டும். எந்த வழியானாலும், விளம்பரப் பக்கத்தில் 'போட்டிக்குத் தயாராகும்' என்ற சொற்களையும் அந்தப் படத்தையும் நீக்க வேண்டும்.

2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிக) விதிகளின்படி, இப்புகார் கிடைத்ததற்கான ஒப்புதலை 48 மணி நேரத்திலும் தீர்வை ஒரு மாதத்திலும் தாங்கள் அளிக்க வேண்டும். தவறினால், 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நான் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடர அனுமதிப்பதால், நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தை அணுகுவேன்.

இணைப்பு: ரசீது நகல், பெல்லட் டப்பாக்கள், சாய்ந்த குறுக்குக்கோடு, துருப்பிடித்த குழல் ஆகியவற்றின் புகைப்படங்கள், தங்கள் மின்னஞ்சலின் நகல்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்