வொல்லங்காங் தமிழ் உறவுகளுக்கும் எங்கள் தெருக்காரர்களுக்கும் நன்றி

சுரங்க விபத்திலிருந்து மீண்ட என் கணவர் வீட்டுக்கு வந்துவிட்டார். இருமல் மட்டும் இன்னும் விடவில்லை. சுரங்கத்தில் நடந்தது உங்கள் எல்லாருக்கும் தெரியும், மறுபடி எழுத எனக்குத் தெம்பில்லை.

முதல் நன்றி பக்கத்து வீட்டு வெள்ளைக்காரப் பாட்டிக்கு. அதுவரை குப்பைத் தொட்டியைத் தெருவில் வைக்கும்போது தலையாட்டிக்கொள்வோம், அவ்வளவு பழக்கம்தான். அன்று இரவு கதவைத் தட்டியவர் ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. நேரே அடுக்களைக்குப் போனார், அரிசி எங்கே என்று கேட்டார். சோறும் இல்லாமல் கஞ்சியும் இல்லாமல் எதையோ வடித்து, அதில் தயிரை ஊற்றி என் கையில் கொடுத்தார். "நேரமாகும். சாப்பிடு." எனக்குக் கோபம்தான் வந்தது. அப்புறம் என் ஃபோனையும் வாங்கிக்கொண்டார். விடியும்வரை வந்த அழைப்புகளுக்கெல்லாம் அவரே பதில் சொன்னார், சென்னையிலிருந்து என் அத்தை கூப்பிட்டதற்கும்கூட!

பிறகுதான் சொன்னார். 1902 ஜூலை 31 அன்று இங்கே பக்கத்திலிருக்கும் மவுண்ட் கெம்ப்லா நிலக்கரிச் சுரங்க வாசலில் காத்திருந்த பெண்களில் அவருடைய பாட்டியின் அம்மாவும் ஒருவர். வாயுவே இல்லாத சுரங்கம் என்று பேர் வாங்கியது அது, திறந்த சுடர் விளக்கோடுதான் வேலை செய்தார்கள். வாயு தீப்பிடித்து, நிலக்கரித் தூசியும் சேர்ந்து வெடித்தது. இறந்த 96 பேரில் பெரும்பாலோரைக் கொன்றது தீ இல்லை, கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு. இரண்டு பேர் மீட்கப் போனவர்கள். அவர்களில் ஹென்றி மெக்கேப், 1887இல் 81 பேரைப் பறிகொடுத்த புல்லி சுரங்க விபத்திலும் மீட்புக்கு இறங்கியவர். காத்திருக்கிறவளுக்குச் சோறு போட வேண்டும் என்பது அந்தக் குடும்பத்தில் அம்மாவிடமிருந்து மகளுக்கு வந்த பாடம்.

மீட்புக் குழுவினருக்கு என்ன சொல்ல! 1923இல் பெல்பேர்ட் சுரங்கத்தில் 21 பேர் செத்த பிறகுதான், 1925இல், இங்கே மீட்பு நிலையங்களுக்கே சட்டம் வந்தது. மருத்துவமனைத் தாதியர், பிள்ளைகளைப் பள்ளிக்குக் கூட்டிப்போனவர்கள், கோயிலில் அர்ச்சனை செய்தவர்கள், எல்லாருக்கும் நன்றி. பேர் விட்டுப்போனால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

இத்தனை வருஷம் இங்கே இருந்தும் மவுண்ட் கெம்ப்லாவில் இறந்தவர்கள் பலரைப் புதைத்த விண்டி கல்லி கல்லறைக்கு நான் போனதில்லை. வருகிற ஜூலை 31 பாட்டியோடு போகிறேன். வருகிறவர்கள் முன்னாலேயே சொல்லுங்கள், காரில் இரண்டு பேருக்கு இடம் இருக்கிறது.