ஒன்பதாவது கேள்வி

அன்பு மகள் தர்சினிக்கு,

உன் ஆராய்ச்சிக்காக எழுதி நீ அனுப்பிய கேள்வித்தாளை அப்பா பிரிண்ட் எடுத்துத் தந்தார். முழுவதும் படித்தேன். ஒன்பதாவது கேள்வியை எடுத்துவிடு, பிள்ளை. "அன்று இரவு உங்களுக்கு என்ன நடந்தது?" என்று முன்பின் தெரியாத ஒருத்தி கேட்டாலும் மியன்மாரிலிருந்து ஓடிவந்து வங்கதேசத்தின் குதுப்பாலோங் முகாமில் இருக்கும் ரோஹிங்கியாப் பெண் பதில் சொல்லத்தான் செய்வாள். சொன்னால் பதிவு நடக்கும், நிவாரணம் கூடும், வெளிநாடு போக வழி பிறக்கும் என்று நம்பிச் சொல்வாள். நானும் அப்படி நம்பித்தான் சொன்னேன்.

1990-ல் நாங்கள் இலங்கையிலிருந்து மண்டபம் முகாமுக்கு வந்த புதிதில் எழுதுகிறவர்கள் வந்தபடியே இருந்தார்கள். எங்களுக்கும் பக்கத்துக் குடும்பத்துக்கும் நடுவே ஒரு சேலைதான் மறைப்பு. அப்பம்மாவும் அடுத்த வீட்டாரும் கேட்டுக்கொண்டிருக்க, ஷெல்லடியில் உன் அண்ணனைப் பறிகொடுத்ததை ஒரு நிருபர் கிண்டிக் கிண்டிக் கேட்டார். அவனைப் புதைக்கக்கூட நேரமில்லாமல் ஓடிவந்தோம் என்பது அப்பம்மாவுக்கு அதுவரை தெரியாது. நான் அழுததும் படம் எடுத்தார். பெயரும் ஊரும் அப்படியே பேப்பரில் வந்தன. சித்தப்பா அப்போது மன்னாரில்தான் இருந்தார். அவருக்கு என்ன ஆகுமோ என்று மாதக்கணக்கில் பயந்து கிடந்தோம்.

அப்புறம் ஒரு ஆராய்ச்சி மாணவி வந்தாள். "இதனால் உங்களுக்கு வீடோ காசோ கிடைக்காது அக்கா, சொல்லாவிட்டாலும் ஒன்றும் குறையாது" என்று முதலிலேயே சொல்லிவிட்டாள். எங்கே இருந்து பேசலாம் என்று என்னையே கேட்டாள். ஆள் நடமாட்டம் இல்லாத நேரமாகப் பார்த்துக் குழாயடிக்குக் கூட்டிப்போனேன். அரிசி களைந்துகொண்டே பேசினேன். நான் நிறுத்தினால் அவளும் நோட்டை மூடிவிடுவாள். அடுத்த கிழமை வந்து, எழுதியதை வாசித்துக் காட்டினாள். ஒரு வரி வேண்டாம் என்றேன், என் கண் முன்னாலேயே அடித்தாள். எழும்புவதற்கு முன் என் பள்ளிக்கூட நாட்களைப் பற்றிக் கேட்டுக் கொஞ்ச நேரம் பேச வைத்தாள். அன்று இரவு எனக்கு நித்திரை வந்தது.

கேட்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. 2017 ஆகஸ்டுக்குப் பிறகு எல்லை தாண்டி வந்த ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட ரோஹிங்கியா மக்கள் வாய் திறந்திருக்காவிட்டால் மியன்மாரின் ராக்கைன் மாநிலத்தில் நடந்தது வெளியே வந்திருக்குமா? ஆனால் அந்த இரவைப் பற்றி எத்தனையோ பேர் கேட்டு எழுதிவிட்டார்கள். அவற்றைப் படித்துவிட்டுப் போ. ஐ.எஸ். பிடியில் சிக்கித் தப்பிய யசீதிப் பெண் நாதியா முராத் பேரில், போரில் பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களிடம் எப்படிப் பேட்டி எடுப்பது என்று 2022-ல் வந்த நெறிமுறையை நீதானே எனக்கு அனுப்பினாய்? பயன் எதையும் கூட்டாத பேட்டியை எடுக்கவே வேண்டாம் என்று அதில் வரும் இடத்தில் கோடு போட்டு வைத்திருக்கிறேன். உன் ஆராய்ச்சி பிள்ளைகளின் படிப்பைப் பற்றியது. அதற்கு அந்த இரவு எதற்கு?

சம்மதப் படிவத்தில் கைநாட்டு வாங்கிவிட்டால் போதும் என்றும் நினைக்காதே. பதிவுக்காக ஐ.நா. அகதிகள் முகமை வாங்கிய விவரங்களை வங்கதேச அரசு மியன்மாருக்கே கொடுத்துவிட்டது என்று 2021-ல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு சொன்னது. யாரிடமிருந்து தப்பி ஓடினார்களோ அவர்கள் கைக்கே பெயர் போயிருக்கிறது. பெயரை மறைத்தால் மட்டும் போதாது. ஊர், பிள்ளைகளின் வயது, புருஷனின் தொழில் மூன்றையும் சேர்த்துப் போட்டால் அவள் யார் என்று முகாமில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். ஒலிப்பதிவை எங்கே வைப்பாய், யார் கேட்பார்கள், எப்போது அழிப்பாய் என்பதைப் பேச்சைத் தொடங்கும் முன்பே சொல்லு. பிறகு மனம் மாறினால் உன்னை எப்படிப் பிடிப்பது என்றும் சொல்லு.

மொழிபெயர்க்க யாரை வைத்திருக்கிறாய் என்று நீ எழுதவில்லை. அதே முகாம் பொடியன் என்றால் வேண்டாம், நாளைக்கும் அவன் முகத்தில்தான் அவள் முழிக்க வேண்டும். வெளியிலிருந்து ஒரு பெண் கிடைப்பாளா என்று விசாரி. கேள்வித்தாளைத் திருத்தியதும் எனக்கு ஒருமுறை அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அம்மா