மழை இல்லாத மாதத்தில்தான் அங்கே வெள்ளம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் போட்ஸ்வானாவின் ஒகவாங்கோ டெல்டாவில் இருக்கும் ஆற்றோர சஃபாரி விடுதிகளைப் பற்றி எழுதியிருந்தீர்கள். படங்கள் பிரமாதம். ஆனால் மழைக்காலத்தில் போனால் ஆறு நிரம்பியிருக்கும் என்று போகிற போக்கில் ஒரு வரி போட்டுவிட்டீர்களே, அதை நம்பி யாராவது டிக்கெட் எடுத்தால் என்ன ஆவது?

எண்ணூர்ப் பக்கம் இருக்கிற நமக்கு வெள்ளம் என்றால் மழையோடு சேர்ந்தே வரும், டிசம்பரில் கொட்டினால் கொசஸ்தலை பொங்கும். அங்கே கதையே வேறு. உள்ளூர் மழை நவம்பர் முதல் மார்ச் வரை பெய்கிறது, ஆனால் டெல்டாவை நிரப்புவது முக்கியமாக அங்கோலா மலைகளில் பெய்கிற மழை. அந்தத் தண்ணீர் நமீபியாவைக் கடந்து, சரிவே இல்லாத தட்டை நிலத்தில் நாணலுக்குள் புகுந்து மெல்ல ஊர்ந்து வருவதற்கு மாதக்கணக்கில் ஆகிறது. டெல்டாவின் தலைப்பகுதிக்கு ஏப்ரல் வாக்கில் வரும், கீழே மவுன் ஊரை எட்ட ஜூன், ஜூலை ஆகிவிடும். அப்போது வானத்தில் ஒரு மேகம் இருக்காது. இந்த ஆறு கடலுக்கும் போவதில்லை, பெரும்பாலும் வெயிலும் செடிகொடிகளுமே குடித்துத் தீர்த்துவிடுகின்றன.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், நம் ஆட்கள் பிள்ளைகளின் லீவை வைத்து மே மாதத்தில்தான் கிளம்புவார்கள். வருஷம் முழுக்கத் தண்ணீர் நிற்கிற இடத்து விடுதி என்றால் பிரச்சினை இல்லை. வெள்ளம் வந்தால் மட்டுமே நனைகிற ஓரத்து விடுதி என்றால் படகை மறந்துவிட வேண்டியதுதான். எங்கள் டிராவல்ஸ்காரர் திட்டத்தில் படகு சவாரி என்று கொட்டை எழுத்தில் போட்டுப் பணமும் வாங்கிக்கொண்டார், போய்ப் பார்த்தால் முதல் விடுதிக்கு முன்னால் வாய்க்கால் முழுக்கக் காய்ந்த புல், யானைதான் மேய்ந்துகொண்டிருந்தது. சரி, ஜீப்பிலேயே சுற்றினோம், அதிலும் குறை சொல்ல முடியாது.

அடுத்த விடுதியில்தான் மொகோரோ கிடைத்தது. ஒல்லியான ஓடம், ஓட்டுகிறவர் பின்னால் நின்றுகொண்டு நீளமான கழியை ஊன்றித் தள்ளுகிறார். முன்பெல்லாம் பெரிய மரத்தைக் குடைந்து செய்தார்களாம், இப்போது பெரும்பாலும் ஃபைபர், நம் காசிமேட்டில் கட்டுமரம் போய் ஃபைபர் போட் வந்தமாதிரியே. உட்கார்ந்தால் தண்ணீர் இடுப்புக்குப் பக்கத்தில் நிற்கும், அல்லி இலை முழங்கையில் உரசும், கோரைத் தண்டில் நகம் அளவு தவளை ஒட்டிக்கொண்டிருக்கும். மோட்டார் சத்தமே கிடையாது. அதற்காகவே இன்னொரு தடவை போகலாம், காசு இருந்தால். ஆள் குறைவாக வரட்டும், கட்டணம் அதிகமாக இருக்கட்டும் என்பதுதான் அந்த நாட்டு அரசின் கொள்கையே, அதனால் மலிவு விலைக்குக் காத்திருந்து பிரயோஜனமில்லை.

அப்புறம், உங்கள் கட்டுரையில் இல்லாத சில விஷயங்கள். மவுனிலிருந்து விடுதிக்குக் குட்டி விமானத்தில்தான் போக வேண்டியிருக்கும், அதில் சக்கரம் வைத்த கெட்டிப் பெட்டியை ஏற்ற மாட்டார்கள், மடங்குகிற துணிப் பையில் கைப்பையும் சேர்த்து 15, 20 கிலோதான். என் மச்சினரின் புதுப் பெட்டி மவுனிலேயே தங்கிவிட்டது, பாவம். பல விடுதிகளுக்கு வேலி கிடையாது, இருட்டினால் கூடாரத்துக்குத் தனியாக நடக்கக் கூடாது, டார்ச்சோடு ஆள் வந்து கொண்டுபோய் விடுவார், ஏனென்றால் நீர்யானை ராத்திரியில் கரையேறித்தான் புல் மேயும். சின்னப் பிள்ளைகளைப் பல இடங்களில் சேர்ப்பதில்லை, முன்பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும். எத்தியோப்பியா, கென்யா வழியாக விமானம் மாறிப் போகிறவர்கள் மஞ்சள் காய்ச்சல் ஊசி வேண்டுமா என்று விசாரிப்பது நல்லது, போட்ட 10 நாள் கழித்துத்தான் அந்தச் சான்றிதழ் செல்லும்.

அடுத்த முறை இப்படி ஒரு இடத்தைப் பற்றி எழுதும்போது படத்தில் ஒன்றைக் குறைத்தாவது எந்த மாதம் எங்கே தண்ணீர் இருக்கும் என்று ஒரு கட்டம் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தண்டையார்பேட்டை, சென்னை-81